ஓரகத்தியின் பச்சை வட்டம்

கொஞ்ச காலமாக என் போனில் ஒரு மணிச் சத்தம் இருக்கிறது. பித்தளைக் கிண்ணத்தில் கரண்டி பட்டாற்போல ‘டிங்’ என்று ஒரே ஒரு தட்டு. அது கேட்டால், எங்கேயோ யாரோ ஒரு புண்ணியவான் என் ஓரகத்தியின் டிபன் கடையைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். அவள் புகழைக் கேட்டு வயிறெரிவதற்கு நானே மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு பைத்தியக்காரி திருவண்ணாமலையில் வேறு யாராவது இருந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும்.

முதலிலிருந்து சொல்கிறேன். என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டபோது, கோயிலை ஒட்டிய சந்தில் மாமனார் நடத்திவந்த மெஸ் எங்களுக்கு வந்தது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாகக் கிடந்த காலி இடம் தம்பிக்குப் போனது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் பௌர்ணமிக்குத்தான் ஆள் நடமாட்டம், மற்ற நாளில் ஆடு மேயும். சொந்தக்காரர்கள் எல்லாரும் எங்களைத்தான் அதிர்ஷ்டக்காரர்கள் என்றார்கள். நானும் பூரித்துப்போனேன், மறைப்பானேன். தம்பி பெண்டாட்டி, அதுதான் என் ஓரகத்தி, அந்த இடத்தில் தகரக் கூரை போட்டு, நீலப் பெயின்ட் அடித்து, இட்லிப் பானையை வைத்தாள். கடைக்கு ஒரு சாமி பேர்கூட வைக்கவில்லை. ‘அக்கா கடை’ என்று எழுதி மாட்டினாள்.

அப்புறம் மலை சுற்ற வருகிற கூட்டம் பௌர்ணமி, சனி, ஞாயிறு என்று பார்க்காமல் வர ஆரம்பித்தது. அதில் வீடியோ எடுக்கிற பையன் ஒருவன் அவள் கடையில் உட்கார்ந்து இட்லி தின்றான். தின்றவன் சும்மா போகாமல், கண்ணை மூடிக்கொண்டு, “இந்தச் சட்னிக்கே இன்னொரு தடவை மலை சுத்தலாம் போல” என்று போட்டுவிட்டான். வீடியோவில் அவள் பல் மொத்தமும் தெரியச் சிரித்துக்கொண்டு, “எங்க மாமியார் கைப்பக்குவம்ங்க” என்றாள்.

மாமியார் கைப்பக்குவமாம்! வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மல்லாட்டைச் சட்னியை எங்கள் மாமியார் கற்றுக்கொடுத்தது எனக்கு. இவள் கல்யாணமாகி வந்த புதிதில் மல்லாட்டையைக் கருக விட்டுவிட்டு, கரண்டியோடு திருதிருவென்று நின்றவள். தோல் எந்த நேரத்தில் வெடிக்கும், புளி எவ்வளவு, பச்சை மிளகாயா காய்ந்த மிளகாயா என்று என் அடுப்படியில் நின்று என்னிடம் படித்தவள். படித்துக்கொண்டு போய், என் சட்னிக்கு ஊரெல்லாம் பேர் வாங்கிவிட்டாள்.

எங்கள் மெஸ்ஸில் இலை போட ஆள் குறைந்துகொண்டே வந்தது. பழைய வாடிக்கைக்காரர்களுக்கு வயதாகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் பசித்தால் தெருவைப் பார்ப்பதில்லை, போனைத்தான் பார்க்கிறார்கள். போனில் நாங்கள் இல்லை. ஒரு நாள் மத்தியானம், காலி டேபிள்களைத் துடைத்துக்கொண்டே என் வீட்டுக்காரர் சாதாரணமாகச் சொன்னார்.

“கார்த்திகை தீபம் முடியட்டும். மெஸ்ஸை மூடிட்டு நான் தம்பி கடைல போய் கல்லாவுல உக்காந்துக்கறேன். அவனுக்கும் நம்பிக்கையான ஆள் வேணுமாம்.”

எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல் இருந்தது. என் புருஷன் அவள் கடைக் கல்லாவில்! அவள் உள்ளேயிருந்து, “மாமா, அந்த டேபிளுக்கு இன்னா ஆச்சு பாருங்க” என்று குரல் கொடுக்க, இவர் எட்டிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். சாயங்காலம் அவள் கட்டிக்கொடுத்த மிச்ச இட்லியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். அதை நான் தின்ன வேண்டும். செத்தாலும் நடக்காது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசைத் தாண்டி, ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் கடைகளுக்கு ஆன்லைனில் விளம்பரம் செய்து கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். தேரடித் தெருவில் தலைமுறையாக அத்தர் கடை வைத்திருக்கிற பாய் வீட்டுப் பெண். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள்.

“ஒரு செயலி இருக்குதுங்க மேடம். நாம சில வார்த்தைங்களைக் குடுத்து வெச்சா, வெளியில யாரு எங்க அதை எழுதினாலும், வீடியோவுல போட்டாலும், உங்க போன்ல மணி அடிக்கும். நல்லா எழுதினா பச்சை வட்டம், திட்டினா சிவப்பு, ரெண்டும் இல்லன்னா சாம்பல் கலர். ஜனங்க இன்னா கேக்கறாங்க, எதைத் திட்டறாங்கன்னு தெரிஞ்சுட்டா வியாபாரத்தை அதுக்கேத்த மாதிரி மாத்திக்கலாம். எந்த வார்த்தையைப் போடட்டும்?”

“மொதல்ல அவ கடையைப் போடும்மா.”

“எவங்க மேடம்?”

“அடி அண்ணாமலைல நீலக் கலர் கடை. என் ஓரகத்தி.”

பெண் துப்பட்டாவைச் சரி செய்கிற மாதிரி சிரிப்பு வந்த வாயை மூடிக்கொண்டாள். “போட்டியா இருக்கிற கடையைப் பாக்கறது நல்லதுதான். ஆனா உங்க மெஸ் பேரும் போடணும் இல்லீங்களா?” என்றாள். சரி, அதையும் போடு என்றேன். எனக்கு அது நினைவிலேயே இல்லை.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு வியாதி. சாம்பார் தாளிக்கும்போது டிங். குளித்துவிட்டு வந்தால் டிங். விளக்கேற்றிக் கண்ணை மூடினால் அப்போதும் டிங். ஓடிப்போய்ப் பார்த்தால் பச்சை வட்டம், அவளுக்கு. ‘அம்மா கை ருசி’, ‘தங்கமான அக்கா’, ‘கால் வலியே போச்சு’. கால் வலிக்கும் சட்னிக்கும் இன்னா சம்பந்தம்? எங்கள் மெஸ் பேருக்கோ ஒன்றும் வரவில்லை. சிவப்பாவது வருகிறதா என்று பார்த்தேன், அதுவும் இல்லை. எங்களைத் திட்டக்கூட ஒரு ஆள் இல்லை என்பதுதான் என்னை ரொம்பக் குத்தியது.

ஆனாலும் காசு கொடுத்ததை வீணாக்குவேனா? அவளைப் பற்றி எழுதியதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களுக்கு அவள் கால் கழுவத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைக்கிறாளாம், அதைப் பலபேர் எழுதியிருந்தார்கள். நானும் வாசலில் தொட்டி வைத்தேன். அவள் வெந்நீர் தருகிறாளாம். நானும் வெந்நீர் வைத்தேன். சிரித்துக்கொண்டே பரிமாறுகிறாள் என்று எல்லாரும் எழுதினார்கள். அதையும் விடுவானேன் என்று நானும் சிரித்துப் பார்த்தேன்.

“இன்னா, பல்லு வலியா?” என்றார் என் வீட்டுக்காரர்.

தொட்டித் தண்ணீரைக் காக்காய் குடித்துவிட்டுப் போனது. அவள் கடையிருப்பது நடந்து களைத்தவர்கள் வருகிற பாதையில், என் மெஸ் இருப்பது சந்தில். என் வாசலில் எவன் வந்து கால் கழுவுவான்? செய்தது எல்லாம் அவளுக்குப் பொருத்தமான காரியம், எனக்கு இல்லை. அது புரியாமல் இல்லை. ஆனாலும் அவள் செய்வதைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

தீபத்துக்கு முந்தின பௌர்ணமி. மறுநாள் காலை, பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது டிங். எரிச்சலோடு எடுத்துப் பார்த்தேன். சிவப்பு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். சிவப்புதான். மலை சுற்ற வெளியூரிலிருந்து வந்த ஒருவன், விடிந்ததும் விடியாததுமாக ஒரு கடை வாசலில் நின்றுகொண்டு, கையில் தட்டோடு பேசியிருந்தான். சட்னி ஊசிப்போன நாற்றமாம், தட்டில் முடி கிடந்ததாம், கேட்டதற்குக் கடைக்காரர்கள் அடிக்க வந்தார்களாம். ‘எல்லாரும் தூக்கி வைத்து ஆடுகிற அடி அண்ணாமலை அக்கா கடையின் லட்சணம் இதுதான்’ என்று கீழே எழுதி, மேப்பில் அவள் கடையைச் சேர்த்தும் விட்டிருந்தான்.

என் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு சந்தோஷம். காய்ந்த பாலில் ஒரு காபி கலந்து, சர்க்கரை தாராளமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். டிங், டிங் என்று வந்துகொண்டே இருந்தது, எல்லாம் சிவப்பு. ‘நானும் போகணும்னு இருந்தேன், நல்ல வேளை’, ‘பேர் வந்தாலே திமிர் வந்துடும்’. பேஷ், பேஷ். இந்த ஜனங்களுக்கு இத்தனை நாள் எங்கே போயிருந்தது இந்தப் புத்தி?

ஆசை தீராமல் வீடியோவை இன்னொரு தடவை போட்டேன். அப்புறம் இன்னும் ஒரு தடவை. அப்போதுதான் அவன் தலைக்குப் பின்னால் மலை தெரிந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு மலை ஒன்றுதான். எங்களுக்கு அப்படி இல்லை. கோயில் பக்கம் நின்றால் ஒரே உச்சியாக இருக்கிற மலை, நடக்க நடக்கப் பிரிந்து வேறு வேறாகத் தெரியும். குழந்தையிலிருந்து சுற்றி வருகிறவர்களுக்கு மலையைப் பார்த்தாலே பாதையிலிருக்கிற எட்டு லிங்கத்தில் எந்த லிங்கத்துக்கிட்டே நிற்கிறோம் என்று சொல்லிவிட முடியும். அவள் கடை வாசலில் நின்றால் மலை ஒரு பக்கம் சரிந்து படுத்தாற்போல் இருக்கும். இவன் தலைக்குப் பின்னால் அஞ்சு முகமாக விரிந்து நிற்கிறது. இது குபேர லிங்கத்துப் பக்கம். அவள் கடையைத் தாண்டி வெகுதூரம் நடந்துவிட்டு, அங்கே எதிலோ தின்றிருக்கிறான். அவளுக்குப் பேர் வந்த பிறகு அந்தப் பாதையில் நீலப் பெயின்ட் அடித்து ‘அக்கா’ என்று போர்டு மாட்டிய கடைகள் முளைத்திருந்தன. இவனுக்கு எல்லா நீலமும் ஒன்றாகிவிட்டது.

போனைக் கவிழ்த்து வைத்தேன். நான் பார்த்ததை ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்கு என்ன வந்தது? எழுதியது நானா? மேப்பில் சேர்த்தது நானா? காபியைக் குடித்து முடித்தேன். கொஞ்சம் ஆறிப்போயிருந்தது.

மத்தியானச் சோறு வடிக்கிற நேரத்துக்கு என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். தம்பியிடமிருந்து போன் வந்திருக்கிறது.

“எவனோ வீடியோ போட்டுட்டானாம். காலைலேர்ந்து கடைப் பக்கம் ஒருத்தனும் வரல. போறவங்க வேற நின்னு போட்டோ புடிச்சுக்கினு சிரிக்கிறாங்களாம். அந்தப் பொண்ணு ஷட்டரை இழுத்து வுட்டுட்டு உள்ள உக்காந்து அழுவுதாம். வேலைக்காரங்களும் கெளம்பிட்டாங்க.”

“அய்யோ பாவம்” என்றேன். வாய் சொல்லியது.

“தம்பி தனியா கீறான். நான் போறேன். இனிமே அங்கயே இருந்துக்கறேன். தீபம் வரைக்கும் இன்னாத்துக்குக் காத்துக்கினு, இங்க யாரு வர்றாங்க?”

சொல்லிக்கொண்டே அரைஞாண் கயிற்றிலிருந்து கல்லாச் சாவியை அவிழ்த்தார். மாமனார் போனதிலிருந்து அந்தச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. அதை டேபிள் மேல் என் முன்னால் வைத்தார்.

சாவியைப் பார்த்தேன். அவள் கெட்டால் என் புருஷன் இங்கே இருப்பார் என்றல்லவா கணக்குப் போட்டிருந்தேன்? அவள் கெட்டுப்போனதால் அவர் இன்றைக்கே போகிறார். வாழ்ந்தாலும் என் வீட்டுக்காரர் அவளுக்கு, அழுதாலும் அவளுக்கு. என்ன ஜாதகமோ அது!

“போவாதீங்க” என்றேன். “அது அவ கடையே இல்ல.”

“இன்னா சொல்ற?”

வீடியோவைப் போட்டு, அவன் முகத்தை விரலால் மறைத்துக் காட்டினேன். “ஆளைப் பாக்காதீங்க. மலையைப் பாருங்க.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு விநாடிகூட ஆகவில்லை. “அட, அஞ்சு முகம்! இது குபேர லிங்கத்தாண்ட இல்ல?” என்றார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நீ எப்ப பாத்த?”

“காலைல.”

“காலைலயேவா?”

நான் இட்லித் தட்டைத் துணியால் துடைத்தேன். அவர் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், ஒரு கை பார்த்திருப்பேன். அவர் திட்டவில்லை. “எழுதிப் போடு” என்றார், அவ்வளவுதான்.

எழுதுவது லேசா? அவளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை தட்டச்சு செய்ய விரல் மடங்கவில்லை. கடைசியில் எனக்கு வந்ததைத்தான் அந்த வீடியோவுக்குக் கீழே எழுதினேன். ‘தம்பி, உன் தலைக்குப் பின்னால் மலை அஞ்சு முகமாகத் தெரிகிறது. அது குபேர லிங்கத்துப் பக்கம். அடி அண்ணாமலையில் நின்றால் அப்படித் தெரியாது, இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். நான் அந்தக் கடைக்காரியின் ஓரகத்தி. கோயில் சந்தில் மெஸ் வைத்திருக்கிறேன். எனக்கும் அவளுக்கும் ஆகாது. அவளுக்காகப் பொய் சொல்ல எனக்கு எந்த அவசியமும் இல்லை. அவள் சட்னி ஊசாது. நான் கற்றுக்கொடுத்தது.’

போட்டுவிட்டு மாவு ஆட்டப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் போன் அலறிக்கொண்டிருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் அவரவர் வீட்டு மாடியிலிருந்து, கடை வாசலிலிருந்து மலையைப் படமெடுத்து வரிசையாகப் போட்டுவிட்டார்கள். ‘ஓரகத்தியே சொல்றாங்கன்னா அது உண்மையாத்தான் இருக்கும்’ என்று ஒருத்தி எழுத, அதற்குக் கீழே ஒரே சிரிப்பு. எனக்கும் அவளுக்கும் ஆகாது என்று எழுதினேன் பாருங்கள், அந்த வரியைத்தான் எல்லாரும் நம்பினார்கள். சாயங்காலத்துக்குள் அந்த ஆள் வீடியோவை எடுத்துவிட்டு, கடை மாறிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டான்.

அவளே போன் செய்தாள். “அக்கா... நீங்களாக்கா எழுதினீங்க?” என்று விசும்பினாள்.

“அழுதுக்கினு இருந்தா இட்லி வேவுமா? போயி ஷட்டரைத் தூக்கு” என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் வேங்கிக்கால் பெண் கூப்பிட்டாள். குரலில் குதிப்பு. “மேடம்! உங்க மெஸ்ஸைப் பத்தி எவ்ளோ பேரு எழுதறாங்க பாத்தீங்களா? ஆனா உங்க போர்டுல இருக்கிற பேரை ஒருத்தரும் எழுதல. ‘ஓரகத்தி மெஸ்’னுதான் எழுதறாங்க, அதனாலதான் உங்க மெஸ்ஸுக்கு மணி அடிக்கல. அந்த வார்த்தையையும் சேத்துடட்டுங்களா?”

மாமனார் குலசாமி பேர் வைத்த மெஸ். அவளுக்கு நான் என்ன உறவு என்பதுதான் இப்போது என் கடைக்குப் பேர். “போட்டுத் தொலை” என்றேன்.

அதோடு விட்டாளா என் ஓரகத்தி? கடை வாசலில் நின்று தானே ஒரு ரீல்ஸ் போட்டாள். பின்னால் மலை, ஒரு பக்கம் சரிந்து படுத்துக்கொண்டு. கண்ணெல்லாம் சிவந்து, மூக்குத்தி மின்ன, “இந்தச் சட்னியை எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்க மாமியார் இல்லீங்க, எங்க அக்கா. மாமியார் பேரைச் சொன்னா கேக்கறவங்களுக்கு நல்லா இருக்குமேன்னு சொல்லிட்டேன். எங்க அக்கா கைல சாப்பிட்டுப் பாருங்க” என்றாள். எத்தனை நாள் காத்திருந்தேன் இந்த வார்த்தைக்கு! ஆவலோடு கீழே படித்தேன். ‘எவ்வளவு பெரிய மனசு அக்கா உங்களுக்கு’, ‘உண்மையைச் சொல்லவும் ஒரு மனசு வேணும்’, ‘தங்கம்’. டிங், டிங், டிங். என் சட்னியை எனக்குத் திருப்பிக் கொடுத்ததற்கும் பச்சை வட்டம் அவளுக்குத்தான்.

ஆனால் தீபத்துக்கு எங்கள் சந்தில் நிற்க இடமில்லை. தரிசனம் முடித்தவர்கள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, “ஓரகத்தி மெஸ் இதுதாங்களா?” என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். என்னோடு நின்று படம் எடுத்தார்கள். கோபமாக முறைக்கச் சொன்னார்கள். அது எனக்குச் சிரிப்பைவிடச் சுலபமாக வந்தது. மெஸ்ஸை மூடுகிற பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் கல்லாவை விட்டு எழுந்திருக்க நேரமில்லாமல் உட்கார்ந்திருந்தார், சாவி இடுப்பில்.

அன்றைக்கு மத்தியானம் ஒரு வேலூர்க் குடும்பம் வந்தது. சோறு தீர்ந்துவிட்டதால் இட்லிதான் போட்டேன். அந்த அம்மா சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்ததும் முகம் மலர்ந்தாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

“அப்படியே அந்த அக்கா கடைச் சட்னி மாதிரியே இருக்குதுங்க” என்றாள். இன்னொரு வாய் வைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா தப்பா நெனைச்சுக்காதீங்க, அவங்க கைல இருக்கிற ருசி கொஞ்சம் ஜாஸ்திதான்.”

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?” என்று அவள் இலையில் ஒரு கரண்டி நிறைய ஊற்றினேன். திரும்பிப் பார்த்தால், என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கல்லா மேல் குனிந்துகொண்டிருந்தார். குனியட்டும். என் கல்லாவில்தானே குனிகிறார்.